மாடிக்கு ஒரு கேபிள்

ஜூலை 3, புதன்

இன்று ரசத்துக்குத் தாளித்தபோது மிளகாய் கருகிவிட்டது. புகை மாடி வரைக்கும் போய் வேணி வெகுநேரம் இருமினாள். பழக்கத்தில்தான் இருமல் என்று எழுதுகிறேன். அவள் வாயால் இருமுவதில்லை, கழுத்தில் இருக்கும் துளை வழியாகக் காற்று சீறிக்கொண்டு வரும். புற்றுநோய்க்காகக் குரல்வளையை எடுத்த பிறகு போன வருஷம் போயிற்று, இந்த வருஷமும் பாதி போயிற்று. அந்தச் சத்தம் இன்னும் எனக்குப் பழகவில்லை.

கீழே தெருப்புழுதி, சமையல் புகை. அதனால்தான் அவளை மாடி அறையில் வைத்திருக்கிறேன். தாலுகா ஆபீசில் டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆய்வேடு அடித்துக் கொடுத்தாளே, அதே அறை. ஜன்னல் உண்டு, பாத்ரூமும் உண்டு. அவளுக்கு ஏதாவது வேண்டுமென்றால் டம்ளரில் ஸ்பூனால் தட்டுவாள், நான் படி ஏற வேண்டும். என் முழங்காலோ ஒவ்வொரு படியிலும் முனகுகிறது. ஏறிப் போனால் ஆஸ்பத்திரியில் கொடுத்த சிலேட்டில் எழுதி நீட்டுவாள். நான் மாடிக்குப் போகிறபோதெல்லாம் என் கண்ணாடி கீழேயே தங்கிவிடுகிறது. என்ன செய்ய, வயசு.

போன வாரம் டாக்டர் புது ஸ்கேனைப் பார்த்தார். நுரையீரலில் புள்ளிகள். இருபத்திரண்டாம் தேதி வந்து சேர்ந்தால் மருந்து ஏற்ற ஆரம்பிக்கலாம் என்றார். "எவ்வளவு பலன்?" என்று வேணி சிலேட்டில் கேட்டாள். "கொஞ்ச நாள் கூடும்மா" என்றார். திரும்பி வரும்போது காரில் அவள் சிலேட் நிறைய என்னவோ எழுதிக் காட்டினாள். வெளிச்சம் போதவில்லை, வீட்டில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது சிலேட்டைத் துடைத்துவிட்டிருந்தாள்.

யோசித்துப் பார்த்ததில் ஒரு வழி தோன்றியது. மாடியில் அவளுடைய ஜாப் டைப்பிங் கம்ப்யூட்டர் சும்மா இருக்கிறது. கீழே கூடத்தில் பையன் செழியன் கல்லூரியில் படித்தபோது வாங்கிய கம்ப்யூட்டர் துணி போர்த்திக் கிடக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு கேபிள் இழுத்துவிட்டால் அவள் மேலே அடிப்பதை நான் கீழே படித்துக்கொள்ளலாம். ஆயுசில் பாதியை ரயில்வே சிக்னல் பிரிவில் கேபிளோடு கழித்தவனுக்கு இது ஒரு வேலையா?

செல்போனில் செய்யலாம்தான். ஆனால் வேணிக்கு அது ஆகாது. "இது டைப்பிங்கா, எறும்பு பிடிக்கிறதா?" என்பாள், குரல் இருந்த காலத்தில்.

ஜூலை 4, வியாழன்

இரண்டு பெட்டியையும் திறந்தேன். செழியனுடையதில் பல்லி முட்டை. வேணியுடையதில் ஒரு குப்பையும் இல்லை, மின்விசிறி இறக்கையைக்கூடத் துடைத்து வைத்திருக்கிறாள், எப்போது செய்தாளோ. மெமரி அட்டைகளைக் கழற்றி ரப்பரால் தேய்த்து மறுபடி சொருகினேன். இரண்டுமே உயிர் பெற்றன.

உள்ளே இருக்கும் சின்ன வட்டச் செல் தீர்ந்து போனதால் இரண்டிலும் தேதி பழைய வருஷத்துக்குப் போய்விட்டிருந்தது. 2002, ஜனவரி ஒன்று என்று சாதிக்கின்றன. அன்றைக்கு வேணி நன்றாக இருந்தாள். செழியன் எட்டாவது. புது வருஷத்துக்கு அவள் கேசரி கிண்டினாள் என்றுகூட நினைக்கிறேன். புதுச் செல் போட்டு இன்றைய தேதிக்குக் கொண்டுவந்தேன்.

ஜூலை 6, சனி

சிங்காரத்தோப்பு பக்கம் போய்ப் பழைய சாமான் கடையில் ஒரு நெட்வொர்க் கார்டு வாங்கினேன், வேணியின் கம்ப்யூட்டரில் அது இல்லை. கேபிளும் முனைகளும் வாங்கினேன். முனையை அழுத்திப் பொருத்தும் கருவியைக் கேபிள் டி.வி.க்காரர் கடன் கொடுத்தார்.

மாடிப்படி ஜன்னல் வழியாகக் கேபிளை இறக்கினேன். கிளிப் அடித்து, வளைவில் இழுபடாமல் கொஞ்சம் தளர்வு விட்டு, நூல் பிடித்தாற்போல் கொண்டுவந்தேன். எட்டுக் கம்பி. ஒரு முனையில் எந்த நிற வரிசையோ மறுமுனையிலும் அதே வரிசை. வேணி மாடியிலிருந்து இறங்கி வந்து பாதிப் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இளைத்துவிட்டாள். நைட்டி தோளில் நிற்கவில்லை. கழுத்துத் துளையை மறைக்கப் போடும் துணியை மட்டும் அழகாக மடித்துக் கட்டியிருந்தாள்.

மடியில் சிலேட் இருந்தது. "இருடி, ஆணி அடிக்கிறப்ப பேச்சு குடுக்காதே" என்றேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அவள் தோள் குலுங்கியது. சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

ஜூலை 7, ஞாயிறு

வேலை செய்யவில்லை. கார்டில் விளக்கே எரியவில்லை. மீட்டர் வைத்து ஒவ்வொரு கம்பியாகச் சோதித்தேன். எட்டும் சுத்தம். முனைகளை வெட்டிவிட்டுப் புதிதாகப் பொருத்தினேன். அப்படியும் இல்லை. நான் மட்டும் சாப்பிடவில்லை. அவளுக்குக் கஞ்சி கொடுத்தேன், பாதி குடித்தாள்.

ஜூலை 8, திங்கள்

புனேயிலிருந்து செழியன் கூப்பிட்டான். விஷயத்தைச் சொன்னேன்.

"ரெண்டு முனையிலயும் ஒரே வரிசையாப்பா போட்டீங்க?"

"பின்ன? கலர் மாத்திப் போட்டவனுக்கெல்லாம் மெமோ குடுத்தவன்டா நான்."

"அங்கதாம்ப்பா இடிக்குது. நடுவுல எதுவும் இல்லாம ரெண்டு கம்ப்யூட்டரை நேரா சேர்த்தா ஒரு பக்கம் மாத்திப் போடணும். இப்ப ரெண்டும் ஒரே கம்பியில பேசுது, ரெண்டும் இன்னொரு கம்பியில காது வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. இது பேசுற கம்பி அங்க கேக்குற கம்பியில போய்ச் சேரணும்ல?"

எனக்குக் கோபம் வந்தது. அவன் மேல் இல்லை. இவ்வளவு நாள் சிக்னலில் இருந்தும் இது தோன்றவில்லையே என்று.

பிறகு, "அம்மா என்னப்பா சொல்றாங்க? இருபத்திரெண்டாம் தேதிக்கு?" என்றான்.

"சரின்னுட்டா."

"எழுதிக் காட்டினாங்களா?"

"ம்."

"அப்ப நான் லீவு சொல்லி வைக்கிறேன்ப்பா" என்றான். பிள்ளை தூரத்தில் இருக்கிறான். எல்லாவற்றையும் அவன் தலையில் ஏற்ற வேண்டுமா என்ன.

ஜூலை 10, புதன்

மாடி முனையில் நிறத்தை மாற்றிப் போட்டேன். கை வரவே இல்லை. பச்சையும் ஆரஞ்சும் இடம் மாறியிருப்பதைப் பார்க்கப் பார்க்க, யாரோ பின்னால் நின்று மெமோ எழுதுவது போலவே இருந்தது. சொருகியதும் இரண்டு பக்கமும் பச்சை விளக்கு எரிந்தது. "வேணி, வெளக்கு!" என்று கீழிருந்தே கத்தினேன். டம்ளர் சத்தம் கேட்டது.

அடுத்தது முகவரி. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் ஓர் எண் கொடுக்க வேண்டுமாம். ஒரே வீடுதானே, ஒரே கதவு எண்தானே என்று இரண்டுக்கும் ஒரே எண்ணைக் கொடுத்தேன். இதே எண்ணில் இன்னொருவர் இருக்கிறார் என்று இரண்டும் சண்டைக்கு வந்தன. கடைசி எண்ணை மட்டும் மாற்றி எனக்கு ஒன்று, அவளுக்கு இரண்டு என்று வைத்தேன். சண்டை ஓய்ந்தது. இரண்டு கம்ப்யூட்டரும் ஒன்றை ஒன்று கண்டுகொண்டன. வேணியின் பெயர் கீழே என் திரையில் வந்து நின்றது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மருந்துக் கடைக்குப் போனேன். பஞ்சு, சலைன், துளையைச் சுற்றித் தடவும் களிம்பு.

ஜூலை 12, வெள்ளி

இரண்டு கம்ப்யூட்டருக்கு நடுவில் செய்தி அனுப்பச் சின்ன புரோகிராம் ஒன்று உண்டு. செழியன் அனுப்பி வைத்தான். அதைப் பென்டிரைவில் ஏற்றி இரண்டிலும் போட்டேன். வேணியிடம் இருக்கும் தமிழ் எழுத்தையும் கொண்டுவந்து கீழே போட்டாயிற்று. அவளுக்குக் கண்ணை மூடிக்கொண்டே டைப்ரைட்டர் முறையில் வரும். எனக்கு எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று தெரியாது, தேடித் தேடிக் குத்த வேண்டும்.

கீழே புரோகிராமைத் திறந்ததும் கம்ப்யூட்டருக்குக் காவல் இருக்கும் ஃபயர்வால் ஒரு கேள்வி கேட்டது. வெளியிலிருந்து இதற்கு வருவதைத் தடுக்கவா, திறந்துவிடவா, பிறகு கேட்கவா என்று மூன்று பொத்தான்கள். அவளுக்குக் கஞ்சி கொடுக்கிற நேரம் வேறு ஆகிவிட்டது. 'பிறகு கேட்கவும்' என்பதை அழுத்தினேன்.

ஜூலை 13, சனி

நான் அனுப்புவது அவளுக்குப் போகிறது! முதல் செய்தி: "காபி?" அதை அடிக்கவே வெகுநேரம் பிடித்தது. மேலே டம்ளர் ஒலித்தது, வேண்டும் என்று அர்த்தம். அப்புறம் "மாத்திரை போட்டாயா?" அதற்கும் டம்ளர். பிரமாதம். முழங்காலுக்கு நல்ல ஓய்வு.

அவள் அனுப்புவதுதான் எனக்கு வரவில்லை. காபி கொண்டுபோனபோது அவள் திரையைப் பார்த்தேன். அவள் அடித்தவற்றுக்குப் பக்கத்திலெல்லாம் சிவப்பாகச் 'சேரவில்லை' என்று போட்டிருந்தது. நீளமாக ஏதோ அடித்திருந்தாள். கண்ணாடி இல்லாததால் படிக்க முடியவில்லை.

காரணம் தெரியும். கீழே ஃபயர்வால் தடுக்கிறது. பொத்தானை ஒரு முறை அழுத்தினால் போதும். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

ஜூலை 14, ஞாயிறு

இன்றும் அதே கேள்வி. பிறகு கேட்கவும். தோசை மாவு புளித்துவிட்டது.

ஜூலை 15, திங்கள்

கம்ப்யூட்டர் வழியாகவே அவளுக்குத் தெரிவித்தேன்: "22 காலை கார் சொல்லிவிட்டேன். 7 மணி. பையில் துணி எடுத்து வை." அடிக்க நேரமானாலும் இப்படிச் சொல்வது எளிதாகத்தான் இருக்கிறது. முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

டம்ளர் ஒலிக்க ஆரம்பித்தது, நிற்கவே இல்லை. பக்கத்து வீட்டு ஸ்டெல்லா டீச்சர் மதில் மேல் எட்டிப் பார்த்து, "அண்ணே, அக்காவுக்கு ஏதும் பண்ணுதா?" என்றார். "ஒண்ணும் இல்லம்மா. வெந்நி கேக்குறா" என்றேன். வெந்நீர் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். அவள் டம்ளரை நகர்த்தி வைத்துவிட்டுச் சிலேட்டை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள். கண்ணாடி கீழே இருக்கிறது என்றேன். என் சட்டைப் பையைக் காட்டினாள். கண்ணாடி அங்கேதான் இருந்தது.

வெந்நீர் ஆறிவிடும் என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டேன்.

ஜூலை 17, புதன்

ஆடி பிறந்துவிட்டது. தெரு முனை மாரியம்மன் கோயிலில் ஒலிபெருக்கி கட்டிவிட்டார்கள். காலையிலிருந்து காதைக் கிழிக்கிறது. இனிமேல் டம்ளர் சத்தமும் கேட்காது.

கழுத்துத் துளையில் போட்டிருக்கும் குழாயைக் கழற்றிக் கழுவிக் கொடுத்தேன். சளியில் மெல்லிய சிவப்பு இருந்தது. அவளிடம் சொல்லவில்லை. அவள் முகம் பார்க்கும் கண்ணாடியில் ஏற்கெனவே பார்த்துவிட்டிருந்தாள்.

அலமாரி மேலிருந்து பையை எடுத்து அவள் கட்டில்மேல் வைத்தேன். சாயங்காலம் போய்ப் பார்த்தால் பை மறுபடி அலமாரி மேல் இருந்தது. ஸ்டூலை எப்படி இழுத்தாளோ, எப்படி ஏறினாளோ. விழுந்திருந்தால்? சத்தம் போட்டேன். என் சத்தம் முடியும் வரை ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதவே கூடாது என்றிருந்தேன். வார்டில் சேர்த்துவிட்டால் டாக்டர் இருக்கிறார், நர்ஸ் இருக்கிறார், பாட்டில் தொங்குகிறது, ஏதோ நடந்துகொண்டிருக்கிறது என்று நான் வராந்தாவில் உட்கார்ந்திருக்கலாம். வீட்டில் உட்கார்ந்து எதைப் பார்ப்பேன்?

ஜூலை 18, வியாழன்

காய்கறி வாங்கப் போய்விட்டு வந்தேன். கூடத்துக் கம்ப்யூட்டர் முன் வேணி உட்கார்ந்திருந்தாள். தனியாகப் படி இறங்கி வந்திருக்கிறாள். காகிதத்தைச் சின்னச் சின்னதாக வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் ஒரு தமிழ் எழுத்து எழுதி, கீபோர்டில் ஒவ்வொரு பொத்தானிலும் பசை தடவி ஒட்டிக்கொண்டிருந்தாள். எனக்குத்தான், எழுத்து இருக்கும் இடம் தெரியட்டும் என்று.

காய்கறிப் பையை வைக்கக்கூடத் தோன்றாமல் நின்றேன். ஒட்டி முடித்ததும் புரோகிராமைத் திறந்தாள். ஃபயர்வால் அதே கேள்வியைக் கேட்டது. மூன்று பொத்தான்களையும் பார்த்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நானும் கோபப்பட்டிருப்பேன். அப்படிப் பார்க்கவில்லை. செழியன் சின்னப் பிள்ளையில் மார்க் ஷீட்டை மறைத்து வைத்து, அது அகப்பட்ட அன்றைக்கு அவனைப் பார்த்தாளே, அப்படிப் பார்த்தாள். பிறகு திறந்துவிடும் பொத்தானை அழுத்தினாள்.

படியேற என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கினாள். மேலே சேர்த்துப் படுக்க வைத்தேன். இன்றைக்கு அவள் எதுவும் அனுப்பவில்லை, களைப்பு. கத்திரிக்காய் வாங்கி வந்தேன், அதில் பாதி சொத்தை.

ஜூலை 19, வெள்ளி

ஆடி வெள்ளி. தெருவே கோயிலில் இருந்தது. பத்து மணிவாக்கில் கூடத்தில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். திரை மினுங்கியது. கையைத் துடைத்துக்கொண்டு கண்ணாடியைப் போட்டேன். நடந்ததை நடந்தபடியே எழுதி வைக்கிறேன்.

முதலில் வந்தது இது:

"ஐயா, பொருள்: ஆஸ்பத்திரி – இருபத்திரண்டாம் தேதி – செல்ல விருப்பமின்மை – தெரிவித்தல் – தொடர்பாக."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாலுகா ஆபீஸ் புத்தி போகுமா? இரண்டாம் முறை படித்தபோது சிரிப்பு போய்விட்டது. எழுந்து படியடிக்குப் போய், "என்ன வேணி இது, டாக்டர் அவ்வளவு சொல்லியும்..." என்று ஆரம்பித்தேன். டம்ளர் ஓங்கி ஒலித்தது. திரும்பி வந்து பார்த்தால்:

"கத்தாதீர்கள். மேலே வராதீர்கள். உட்கார்ந்து அடியுங்கள். எழுத்து ஒட்டிக் கொடுத்திருக்கிறேன்."

உட்கார்ந்தேன். 'டாக்டர்' என்று அடிக்க ஆரம்பித்தேன். 'டா' வருவதற்குள் மேலிருந்து வரிகள் வந்து விழுந்தன. அவள் வேகம் ஊரறிந்தது. அந்தக் காலத்தில் ஆபீசில் மூன்று பேர் வேலையைச் செய்வாள்.

"நீங்கள் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்திவிடுவேன். குரல் இருந்தபோதும் அப்படித்தான். பாதி வாக்கியத்தில் விட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவேன். இன்றைக்கு முழுசாகச் சொல்கிறேன்."

"டாக்டர் சொன்னது கொஞ்ச நாள். அந்தக் கொஞ்ச நாளையும் ஊசி குத்திக்கொண்டு, வாளியில் வாந்தி எடுத்துக்கொண்டு, அந்த வார்டில் கழிக்க மாட்டேன். போன தடவை கழுத்துக்குக் கதிர்வீச்சுக் கரண்ட் வைத்தபோது பார்த்தாகிவிட்டது. நீங்கள் வராந்தாவில் இருந்தீர்கள். உள்ளே இருந்தது நான்."

நான் அடித்துக்கொண்டிருந்த 'டாக்டர்' பாதியிலேயே நின்றது. அதை அழித்துவிட்டு, செழியன் என்று அடித்தேன். செழியன் என்ன நினைப்பான் என்று கேட்க நினைத்தேன், முதல் சொல்லோடு அனுப்பிவிட்டேன்.

"செழியனிடம் நான் சரி என்றதாகச் சொல்லியிருக்கிறீர்கள். நேற்று என் போனுக்கு அனுப்பியிருந்தான், தைரியமாக இருங்கம்மா, நீங்க ஒத்துக்கிட்டதே பெரிசு என்று. நான் அவனுக்குப் பதில் போடவில்லை. உங்களைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. நீங்களே சொல்லுங்கள்."

ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு அலறியது. யாரோ பிரசாதம் வாங்க வரச் சொல்லி மைக்கில் அறிவித்தார்கள். அந்தச் சத்தத்தின் நடுவே திரை மட்டும் சத்தமில்லாமல் வரி வரியாக நகர்ந்தது.

"ரயில்வேக்காரர் நீங்கள். அடுத்த ஸ்டேஷன் லைன் கிளியர் கொடுக்காமல் வண்டியைப் போக விடுவீர்களா? என்னைக் கேட்காமல் காருக்குச் சொல்லிவிட்டீர்களே."

ஒரு வண்டியைக்கூட அப்படி விட்டதில்லை. ஒருமுறை பெரிய அதிகாரியே வந்து அவசரப்படுத்தியும் அடுத்த ஸ்டேஷன் அனுமதி வராமல் சிக்னல் கொடுக்க நான் விடவில்லை. அந்தக் கதையை இவளிடமே எத்தனையோ தடவை அளந்திருக்கிறேன்.

தேடித் தேடி அடித்தேன்: "எனக்கு பயம்."

அதற்கு உடனே பதில் வரவில்லை. அவ்வளவு வேகமாக அடிப்பவள் நிறுத்திவிட்டாள். மூச்சு முட்டுகிறதோ என்று எழுந்துவிட்டேன். அப்போது வந்தது.

"தெரியும். எனக்கும் பயம்தான். பயத்தோடு இருக்கிற நாளில் தெரிந்த ஜன்னல், தெரிந்த கட்டில், தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்தால் போதும். வேறே ஒன்றும் வேண்டாம். சரியா?"

மேலே போய் அவள் எதிரில் நின்று சொல்லிவிட்டிருக்கலாம். ஆனால் மேலே போனால் சொல்ல மாட்டேன், வேறு ஏதாவது பேசுவேன், டாக்டரை இழுப்பேன், செழியனை இழுப்பேன், கஞ்சி ஆறிவிடும் என்பேன். அது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அதனால் உட்கார்ந்தே இருந்தேன். ச எங்கே என்று தேடினேன். கண்ணில் நீர் நின்றதால் அவள் ஒட்டிய துண்டுகள் ஒன்றோடு ஒன்று கலங்கித் தெரிந்தன. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டேன். ச கிடைத்தது. ர கிடைத்தது. ர மேல் போடும் கொக்கிதான் உடனே கிடைக்கவில்லை, அதற்கு ஒரு பொத்தான் தனியாக இருந்தது. "சரி" என்று அடித்து அனுப்பினேன்.

மேலே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கொஞ்சம் கழித்து:

"காருக்கு வேண்டாமென்று சொல்லிவிடுங்கள். மத்தியானத்துக்குக் கீரை வேண்டாம், கஞ்சி போதும். தாளிக்காதீர்கள்."

ஜூலை 20, சனி

காருக்குச் சொன்னேன். செழியனைக் கூப்பிட்டேன்.

"அம்மா வரமாட்டேன்னுட்டாடா."

"சரின்னாங்கன்னு சொன்னீங்களேப்பா!"

"நான்தான் சொன்னேன். அவ சொல்லல."

கத்தினான். நீங்க எப்பவும் இப்படித்தான் என்றான். நானும் கத்தியிருப்பேன், ஆனால் கத்த ஒன்றும் இல்லை. அப்புறம் அழுதான். நாற்பதை நெருங்கும் ஆம்பிளை போனில் அழுவதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். வியாழக்கிழமை ரயிலில் வருகிறான்.

அவன் அழுததை வேணிக்குச் சொல்ல வேண்டாம் என்று நினைத்தேன். பிறகு அடித்து அனுப்பினேன். "நல்லது. அழட்டும்" என்று பதில் வந்தது.

ஜூலை 21, ஞாயிறு

முழு நாளும் அவள்தான். கேஸ் புத்தகம் எங்கே, பால்காரரிடம் எந்த நாளில் நிறுத்தச் சொல்ல வேண்டும், மழைக்கு முன் மாடித் தளத்து ஓட்டையை அடைக்க யாரைக் கூப்பிட வேண்டும், ஸ்டெல்லா டீச்சரிடம் வாங்கிய பாத்திரம் எது என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தது. ரசத்துக்கு மிளகாயை எண்ணெய் காய்ந்ததும் போடாமல் கடுகு வெடித்து அடங்கியபின் போட வேண்டுமாம். இத்தனை நாள் யாரும் சொல்லவில்லையே என்று அடித்தேன். "நீங்கள் கேட்கவில்லையே" என்றாள்.

நடுவில் இரண்டு முறை நின்றுபோயிற்று. இரண்டு முறையும் ஓடினேன். ஒரு தடவை தூங்கிவிட்டிருந்தாள், கை கீபோர்டின் மேலேயே இருந்தது. இன்னொரு தடவை சளி. துடைத்துவிட்டேன். சிவப்பு கூடியிருக்கிறது.

ஜூலை 22, திங்கள்

விடிந்ததும் அவளுக்கு வெந்நீர், துளையைச் சுத்தம் செய்தல், களிம்பு. ஜன்னல் திரையை ஒதுக்கிவிட்டேன். தெருவில் பள்ளிக்கூட வேன் போனது. ஏழு மணி ஆனபோது இருவருமே கடிகாரத்தைப் பார்த்தோம். நான் அவள் கட்டிலில், காலடியில் உட்கார்ந்தேன். வேறு வேலை எதுவும் இல்லை.

பத்து மணிக்கு மேல் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அங்கேயே உட்கார்ந்தபடி எடுத்தேன்.

"மாசிலாமணி சாரா? வார்டுலேருந்து பேசுறேன் சார். கமலவேணி மேடத்துக்கு இன்னைக்கு பெட் ரெடி பண்ணி வச்சிருக்கோம். கெளம்பிட்டீங்களா?"

"இல்லம்மா. நாங்க வரல."

"ஏன் சார், காய்ச்சல் ஏதும் இருக்கா? வேற தேதி போடட்டுமா?"

"தேதி வேண்டாம்மா. அவங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்க."

அந்தப் பக்கம் காகிதம் புரளும் சத்தம். அந்தப் பெண் குரலைத் தணித்துக்கொண்டு கேட்டது.

"சார், பேஷண்டுக்குக் குரல்வளை எடுத்தாச்சுன்னு இங்க போட்டிருக்கே. அவங்களால பேச முடியாதுல்ல? வேண்டாம்னு சொன்னது யாரு சார்?"

வேணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்கதாம்மா சொன்னாங்க. தெளிவா சொன்னாங்க."